கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை: நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை



சென்னையில் கீழ்ப்பாக்கம் என்பது வெறும் இடப்பெயராக இல்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்ய அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். சினிமாவில் அதைச் சொன்னால் அரங்கம் சிரிக்கிறது. வீட்டில் கோபம் வந்தால் "உன்னைக் கொண்டுபோய் கீழ்ப்பாக்கத்துலதான் சேர்க்கணும்" என்கிறோம். நாமும் சொல்லியிருக்கிறோம், சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்புக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று யோசித்ததில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறோம். இருபத்து மூன்று வயது மகன். இரண்டு வருடமாக இரவில் தூக்கமில்லை. தனியாகப் பேசுகிறான். பக்கத்து வீட்டார் சாப்பாட்டில் ஏதோ கலந்துவிட்டார்கள் என்று உம்மா கொடுக்கும் சோற்றையும் தள்ளிவிடுகிறான். வேலைக்குப் போவது நின்றுவிட்டது. ஊர் ஊராகக் கூட்டிப்போய் ஓதிப் பார்த்தாயிற்று, தாயத்து கட்டியாயிற்று, காதுத் தோடும் விற்றாயிற்று. "டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று கேட்டோம். அந்த அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கீழ்ப்பாக்கத்துக்குக் கூட்டிட்டுப் போனேன்னு தெரிஞ்சா, நாளைக்கு இவன் தங்கச்சிக்கு எப்படி பாய் மாப்பிள்ளை வரும்?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அதற்கு முன், அந்த மருத்துவமனை என்ன, அங்கே என்ன நடக்கிறது, சட்டம் நமக்கு என்ன உரிமை தருகிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

இருநூறு ஆண்டு கடந்த மருத்துவமனை

1794-ஆம் ஆண்டு, கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், வாலன்டைன் கொனலி என்ற அறுவை மருத்துவர் புரசைவாக்கத்தில் மனநோயாளிகளுக்கென ஒரு விடுதியைத் தொடங்கினார். 1871-இல் அது கீழ்ப்பாக்கத்தில் இன்றுள்ள தோட்டத்துக்கு மாறியது. அப்போதைய பெயரைத் தமிழில் 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி' என்றுதான் மக்கள் சொன்னார்கள். 1922-இல் அரசு மனநல மருத்துவமனை என்று பெயர் மாறிற்று. 1978 முதல் அது மனநல நிலையம். சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. மக்கள் வழக்கில் 'கீழ்ப்பாக்கம் மனநல காப்பகம்'. சுமார் 1,800 படுக்கைகள் கொண்ட, நாட்டின் பெரிய அரசு மனநல மருத்துவமனைகளில் ஒன்று. சென்னை மாவட்டத்துக்கு மட்டுமல்லாமல் சுற்றியுள்ள மாவட்டங்களுக்கும் அதுவே பெரிய புகலிடம்.

நம் பாட்டிமார் சொல்லும் பயங்கரக் கதைகள் முழுப் பொய் அல்ல. 1950-கள் வரை உலகில் எங்குமே மனச்சிதைவு போன்ற நோய்களுக்குச் சரியான மருந்து இருக்கவில்லை. நோயாளியை உள்ளே வைத்துப் பூட்டுவதைத் தவிர வேறு வழி தெரியாத காலம் அது. ஒருவர் உள்ளே போனால் திரும்புவது அரிது. 1950-களில் குளோர்புரோமசின் என்ற மருந்து வந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. நம் பயம் இன்னும் அந்தப் பழைய காலத்திலேயே நிற்கிறது.

கீழ்ப்பாக்கத்தில் அந்த மாற்றத்தை முன்னின்று நடத்தியவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர். 1961 முதல் 1978 வரை அந்த மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தார். நோயாளி வெளியிலிருந்து வந்து மருந்து வாங்கிப் போகும் முறையையும், குணமாகி வருபவர்களுக்குக் கைத்தொழில் பழக்கும் பிரிவையும் வளர்த்தார். ஓய்வுக்குப் பின் 1984-இல் சென்னையில் மனச்சிதைவு நோயாளிகளுக்காக 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். மனநோயாளிக்கு மருந்தோடு வேலையும் குடும்பமும் வேண்டும் என்பதே அவர் வாழ்நாள் முழுதும் செய்த பணி.

ஏர்வாடி தந்த பாடம்

2001 ஆகஸ்டு 6, அதிகாலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய ஒரு மனநலக் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்த நோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட காப்பகங்களை அரசு அந்த மாதமே மூடியது. அங்கிருந்த நூற்றுக்கணக்கான நோயாளிகள் அரசின் பராமரிப்புக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

தீ மூண்டது தர்காவில் அல்ல, அதன் அருகே பணம் வாங்கி நடத்தப்பட்ட ஒரு காப்பகத்தில். இறந்தவர்களில் பல மதத்தவரும் இருந்தார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் கல்நெஞ்சக்காரர்களும் அல்லர். குணமாகட்டும் என்றுதான் விட்டார்கள். ஆனால் மருத்துவர் இல்லாத இடத்தில் விட்டார்கள், பலர் திரும்பிப் போய்ப் பார்க்கவே இல்லை. நமக்கு அந்தச் செய்தியில் அதிகம் வலிப்பது இதுதான்.

பின்னாளில் ஏர்வாடியிலேயே தர்காவுக்கு வருவோருக்கு மனநல மருத்துவர் சிகிச்சை தரும் ஏற்பாட்டை அரசு செய்தது. 'தவாவும் துஆவும்', அதாவது மருந்தும் பிரார்த்தனையும், என்பது அதன் பெயர். குஜராத்தின் மீரா தாத்தார் தர்காவில் முன்பே நடந்துவந்த முறை அது. துஆ கேட்க வருபவரைத் தடுக்காமல், மாத்திரையையும் கையில் கொடுத்து அனுப்புவது.

ஜின்னா, நோயா?

நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி இது. ஜின் உண்டு என்பது நம் ஈமானைச் சேர்ந்தது. அதை யாரும் மறுக்கச் சொல்லவில்லை. ஆனால் தூக்கம் கெட்டவர்களையும் காதில் குரல் கேட்பவர்களையும் எல்லாம் ஜின் பிடித்தவர்கள் என்று முடிவு கட்ட மார்க்கம் நமக்குச் சொல்லவில்லை. எந்த நோயை அல்லாஹ் இறக்கினாலும் அதற்கு நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்பது ஸஹீஹான ஹதீஸின் கருத்து. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்ற நபிமொழியையும் நாம் அறிவோம்.

நம் முன்னோர் இதைப் புரிந்துகொண்டிருந்தார்கள். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அபூ ஸைத் அல்-பல்கீ, உடலுக்கு நோய் வருவதுபோல மனத்துக்கும் நோய் வரும், இரண்டையும் கவனிக்க வேண்டும் என்று தனி நூலே எழுதினார். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-இல் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்குத் தனிப்பிரிவு இருந்தது. அலெப்போவில் 1354-இல் கட்டப்பட்ட பீமாரிஸ்தானில் நோயாளிகளின் அறைகளுக்கு நடுவே நீரூற்று அமைத்தார்கள். தண்ணீர் ஓசை மனத்தைத் தணிக்கும் என்பதால். வக்ஃபு வருமானத்தில் நடந்தவை இவை. மனநோயாளியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது நமக்குப் புதிய பழக்கம் அல்ல, நாம் மறந்துவிட்ட பழக்கம்.

ஓதிப் பார்க்க விரும்புகிறவர்கள் தாராளமாக ஓதுங்கள். ஃபாத்திஹா ஓதுங்கள், ஆயத்துல் குர்ஸி ஓதுங்கள். மருந்தை நிறுத்தாமல் ஓதுங்கள். அடிக்கச் சொல்பவரிடம், பட்டினி போடச் சொல்பவரிடம், புகை போடச் சொல்பவரிடம், கட்டிவைக்கச் சொல்பவரிடம், "மாத்திரையைத் தூக்கிப் போடு" என்பவரிடம் பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

தொடர்ந்து பல நாள் தூக்கமில்லாமை. யாருக்கும் கேட்காத குரல் கேட்பது. எல்லாரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்ற உறுதியான எண்ணம். குளிக்காமல், உடை மாற்றாமல் ஒதுங்கிக்கொள்வது. இரண்டு வாரத்துக்கு மேல் நீங்காத துக்கம், எதிலும் விருப்பமின்மை. திடீரென்று அளவுக்கு மீறிய உற்சாகம், கண்டபடி செலவு, ஓயாத பேச்சு. இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்ட வேண்டும்.

இரண்டு நிலைகளில் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. ஒன்று, உயிரை விடுவதைப் பற்றிப் பேசுவது. மற்றொன்று, பிரசவமான சில நாட்களில் அல்லது வாரங்களில் தாய் தூங்காமல், தொடர்பில்லாமல் பேசுவது, குழந்தையைக் கண்டு பயப்படுவது. "பச்சை உடம்பு, காத்து கறுப்பு பட்டிருக்கும்" என்று அறையைச் சாத்திவிடுவது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

தற்கொலைக்கு முயன்றவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகும் என்ற பயத்தில் தாமதிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

உடனே பேச ஆள் வேண்டுமானால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். கட்டணம் இல்லை. தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

போனால் என்ன நடக்கும்?

பெரும்பாலோர் மருத்துவமனையில் தங்க வேண்டியதே இல்லை. புறநோயாளிப் பிரிவில் காட்டி, மாத்திரை வாங்கி, வீட்டிலிருந்தே குணமாகிறார்கள். ஆலோசனையும் மாத்திரையும் இலவசம். சீக்கிரமே கிளம்பிப் போங்கள். பழைய மருந்துச் சீட்டுகள், அடையாள அட்டை, வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் நடந்ததை நாள்வாரியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டால் நல்லது. மருத்துவர் முன் போனால் பாதி மறந்துவிடும். தாயத்து கட்டியதையும், நாட்டு மருந்து கொடுத்ததையும் மறைக்காதீர்கள்.

கீழ்ப்பாக்கத்துக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்டங்களில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் இருக்கிறார்கள். நோய் முற்றும் முன் போனால் பக்கத்து மருத்துவமனையே போதும்.

சேர்க்க வேண்டியிருந்தால் சட்டம் இரண்டு வழிகள் வைத்திருக்கிறது. நோயாளி தானாகச் சம்மதித்துச் சேர்வது முதல் வழி. அப்படிச் சேர்ந்தவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் விட வேண்டும். அவருக்கு அல்லது பிறருக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால், பரிசோதிப்பதற்காக 24 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கலாம். நோயின் வேகத்தில் சம்மதிக்க முடியாதவருக்கு இரண்டாவது வழி. குடும்பத்தார் ஒருவர் அவருடைய பிரதிநிதியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியே பரிசோதித்து ஒப்ப வேண்டும். அதுவும் முதலில் 30 நாள் வரைதான். நீட்டிக்க மீண்டும் பரிசோதனை தேவை. "ஒரு கையெழுத்துப் போட்டால் ஆயுளுக்கும் உள்ளே வைத்துவிடுவார்கள்" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை.

'கரண்ட் ஷாக்' பற்றிப் பலரும் கேட்கிறார்கள். சிலருக்கு, மருந்துக்குக் கட்டுப்படாத கடும் நோயில், மின் அதிர்வுச் சிகிச்சை இன்றும் உதவுகிறது. ஆனால் மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் அதைத் தரக் கூடாது என்று சட்டம் தடுத்திருக்கிறது. மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. 2017-இல் இயற்றப்பட்டு 2018-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இது. நோயாளியைப் பற்றிய விவரங்களை மருத்துவமனை ரகசியமாகக் காக்க வேண்டும். இலவச சட்ட உதவி பெறவும் அவருக்கு உரிமை உண்டு.

மாத்திரையும் நோன்பும்

மனநோய் மாத்திரை காய்ச்சல் மாத்திரை மாதிரி இரண்டு நாளில் வேலை செய்யாது. சில வாரங்கள் ஆகும். "பத்து நாள் கொடுத்தோம், ஒன்றும் தெரியவில்லை" என்று நிறுத்துவது முதல் தவறு. நன்றாக இருக்கிறான் என்று ஆறு மாதத்தில் நிறுத்துவது அடுத்த தவறு. மாத்திரை வேலை செய்வதால்தான் நன்றாக இருக்கிறான். தூக்கம், எடை கூடுவது, கை நடுக்கம் போன்ற பக்க விளைவுகள் சிலருக்கு வரும். அவற்றை மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். நாமாக நிறுத்தினால் நோய் திரும்பும்.

ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பல மாத்திரைகளின் நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றித் தர முடியும். லித்தியம் சாப்பிடுபவர்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். உடம்பில் நீர் குறைந்தால் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறி விஷமாகலாம். நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்தவன் அல்லாஹ். அறிவு தெளியும் வரை ஒருவர் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பதும் நபிமொழி. களாவா ஃபித்யாவா என்பதை உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேளுங்கள். மாத்திரையை விட்டுவிட்டு நோன்பு வைப்பது தக்வா அல்ல.

மறுபடி கூட்டி வருவது

மருத்துவமனைக்குக் கொண்டுபோவதைவிட முக்கியமானது திரும்பக் கூட்டி வருவது. மனநல மருத்துவமனைகளில் குணமான பிறகும் பல ஆண்டுகளாக இருப்பவர்கள் உண்டு. சிலர் ஊர்பேர் தெரியாமல் வந்தவர்கள். சிலருக்கு ஊரும் பேரும் வீடும் தெரியும், அங்கே கதவு திறப்பார் இல்லை. வீட்டார் தவறான முகவரி கொடுத்துவிட்டுப் போவதும், வீடு மாறிவிட்டுச் சொல்லாமல் இருப்பதும் நடக்கிறது. குடும்பம் ஏற்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது, சமூகத்தில் வாழ அவருக்கு உரிமை உண்டு என்று சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டம் பக்கத்தில் உட்கார்ந்து சோறு போடாது.

ஆகவே உங்கள் வீட்டார் சேர்ந்திருந்தால், சரியான தொலைபேசி எண்ணைக் கொடுங்கள். வாரம் ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். பெருநாளில் பிரியாணியோடு போங்கள். வெளியே வரும் நாளில் மருந்து எப்படி, அடுத்த முறை எப்போது வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்த பின் சின்ன வேலை கொடுங்கள்: பால் வாங்கி வருவது, கடையில் இரண்டு மணி நேரம் நிற்பது. எல்லார் முன்னிலும் "மாத்திரை போட்டியா?" என்று கத்தாதீர்கள்.

நீண்டகால மனநோயால் வேலை செய்ய இயலாதவர்களுக்கு, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி மருத்துவக் குழு சான்றிதழ் தரும். 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு இருந்தால் அரசுச் சலுகைகளுக்கு அது உதவும். விண்ணப்பிக்க நம் அலுவலகத்தில் உதவுவோம்.

"கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நிகாஹ் மருந்து அல்ல. நோயை மறைத்து முடிக்கும் கல்யாணம் இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கையைக் கெடுக்கும். நோய் கட்டுக்குள் வந்து, மருந்தைத் தொடர்ந்து, உண்மையைச் சொல்லிச் செய்த கல்யாணங்கள் நன்றாக நடப்பதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

நம் பங்கு

முதலில் சொன்ன அந்தத் தாயோடு நம் தொண்டர் ஒருவர் உடன் போனார். மகன் ஐந்து வாரம் உள்ளே இருந்தான். இப்போது வீட்டில் இருக்கிறான். மாதம் ஒரு முறை போய் மாத்திரை வாங்குகிறான். மாமாவின் கடையில் காலை நேரம் மட்டும் நிற்கிறான். காதில் கேட்ட குரல் முழுவதுமாக நிற்கவில்லை. "அது சத்தம் மட்டும்தான்னு இப்பத் தெரியுது" என்கிறான். உம்மா போடும் சோற்றைச் சாப்பிடுகிறான். அல்ஹம்துலில்லாஹ்.

தங்கைக்கு இன்னும் வரன் அமையவில்லை. இரண்டு இடங்களில் விசாரித்துவிட்டு விலகினார்கள். அந்த அம்மா கேட்ட கேள்விக்கு மருத்துவர் பதில் சொல்ல முடியாது, சட்டமும் சொல்ல முடியாது. பெண் பார்க்கப் போகும் நாம்தான் சொல்ல வேண்டும். அண்ணனுக்குச் சர்க்கரை நோய் என்றால் நாம் எழுந்து வந்துவிடுவோமா? சிகிச்சை எடுக்காத அண்ணனை மறைத்து வைத்திருக்கும் வீட்டைவிட, கூட்டிப்போய்க் காட்டிக் காப்பாற்றிய வீடு எந்த விதத்தில் குறைந்தது?

இமாம்களிடம் ஒரு வேண்டுகோள். வருடத்தில் ஒரு ஜும்ஆவிலாவது மனநோயைப் பற்றிப் பேசுங்கள். ஓதிப் பார்க்க வருபவரிடம் "டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்கள் கேட்டால் அவர்கள் போவார்கள். ஜமாஅத் நிர்வாகிகள், மஹல்லாவில் யாராவது கட்டிவைக்கப்பட்டிருப்பது தெரிந்தால் மூடி மறைக்காதீர்கள். எங்களிடமாவது சொல்லுங்கள். தெருவில் ஆதரவின்றித் திரிபவரைக் கண்டால் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். அவரைப் பாதுகாத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் காட்டுவது அவர்கள் கடமை.

தனியாகப் போகத் தயங்கும் குடும்பங்களோடு நம் தொண்டர்கள் வருவார்கள். போக்குவரத்துச் செலவுக்கு இயலாதவர்களுக்கு ஸதகா நிதியிலிருந்து உதவுவோம். பெண்களுக்குப் பெண் தொண்டர் வருவார். உங்கள் பெயர் இந்த அலுவலகத்தைத் தாண்டாது.

யா அல்லாஹ், நோயுற்ற எங்கள் பிள்ளைகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக. அவர்களைச் சுமக்கும் தாய் தந்தையருக்குப் பொறுமையையும், அவர்களைச் சுற்றி வாழும் எங்களுக்கு இரக்கத்தையும் தருவாயாக. ஆமீன்.